செம்பிக்குப் போய்ச் சேராத அத்திப்பழம்

செம்பி என்ற இருவாட்சிப் பறவை மரப்பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். பொந்தின் வாயை அவளே சேறு பூசி அடைத்திருந்தாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தாள். இருவாட்சிகளின் வழக்கம் அது. உள்ளே போனதும் அவளுடைய சிறகு இறகுகள் உதிர்ந்துவிட்டன. அவை மறுபடி முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. கணவன் மலையன் கொண்டுவந்து ஊட்டுவதுதான் அவளுக்குச் சாப்பாடு.

பொந்து இருந்த மரம் ஓடைக்குக் கிழக்கே. பழுத்த அத்திமரம் ஓடைக்கு மேற்கே. மலையன் சிறகடித்தால் காடே அதிரும். அந்தச் சத்தம் தொலைவில் கேட்கும்போதே செம்பி கீறலில் அலகை வைத்துக் காத்திருப்பாள்.

அந்தக் காட்டில் அப்போதுதான் பெரிய சண்டை ஒன்று முடிந்திருந்தது. எங்கிருந்தோ வந்து எல்லாரையும் வேட்டையாடிய செந்நாய்க் கூட்டத்தை, யானை ஒற்றைக்கொம்பனும் காட்டெருமை வெள்ளைக்காலனும் சேர்ந்து நின்று விரட்டியடித்தார்கள். விரட்டிய மறுநாளே இருவருக்கும் தகராறு வந்துவிட்டது.

"இனி எல்லாரும் தேடியதை ஒரே குவியலில் போட வேண்டும். எல்லாருக்கும் சம பங்கு!" என்றான் வெள்ளைக்காலன்.

"அது எப்படி? எவன் தேடினானோ அது அவனுக்கே சொந்தம்!" என்றான் ஒற்றைக்கொம்பன்.

இரண்டு பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் தான் சொன்னபடிதான் காடு முழுவதும் நடக்க வேண்டும் என்று இருவருமே பிடிவாதம் பிடித்தார்கள். கிழக்குக்கரை வெள்ளைக்காலனுக்கு, மேற்குக்கரை ஒற்றைக்கொம்பனுக்கு என்று காடு இரண்டானது.

எதிர்க்கரைமேல் உருட்டிவிடுவதற்காக, இருவரும் அவரவர் மலைச்சரிவின் மேலே பாறைகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

"நீ பத்து வைத்தால் நான் இருபது வைப்பேன்!"

"நீ இருபது வைத்தால் நான் நாற்பது!"

யார் முதலில் உருட்டினாலும் இரண்டு கரையும் நசுங்கிப்போகும். அது எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டார்கள். அக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தவனைக்கூடத் துரோகி என்றார்கள்.

மலையன் தினமும் பத்துத் தடவை அக்கரை போய் வர வேண்டியவன். அவன் என்ன செய்வான்?

முதலில் அத்திமரத்துக் குரங்கு வழிமறித்தது. "இது இப்போது என் மரம். பழம் வேண்டுமென்றால் பகல் முழுக்க எனக்குக் காவல் இரு!" என்றது. மலையன் காவல் இருந்து நாலு பழம் வாங்கினான். தொண்டைக்குள் பத்திரமாக அடக்கிக்கொண்டு கிழக்கே பறந்தான். அங்கே காவலுக்கு நின்ற முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது.

"தோழா, பழத்தைப் பொதுக் குவியலில் போடு."

"இது என் மனைவிக்கு."

"அவளுக்கும் பங்கு உண்டு. வந்து வரிசையில் நிற்கச் சொல்."

"அவளால் வெளியே வர முடியாதே!"

"வராதவர்களுக்குப் பங்கு கொடுக்க விதி இல்லை, தோழா!"

நாலில் மூன்று பழம் குவியலுக்குப் போனது. ஒன்றை மட்டும் மலையன் செம்பியின் அலகில் வைத்தான். "மற்றதெல்லாம்?" என்று அவள் கேட்கவில்லை. "இரண்டு முட்டையில் ஒன்று பொரிந்துவிட்டது. பெண் குஞ்சு!" என்றாள். மலையன் கீறல் வழியாக உள்ளே பார்க்க முயன்றான். இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

மறுநாள் மேற்குக்கரையில் அவனைப் பிடித்துவிட்டார்கள். ஒரு மைனா போய்க் கோள் சொல்லியிருந்தது. கீரிப்பிள்ளை அவன் சிறகுகளைக் கொடியால் கட்டி, ஒற்றைக்கொம்பன் முன்னால் நிறுத்தியது.

"நீ கிழக்கே அடிக்கடி போகிறாய். அங்கே எத்தனை பாறை இருக்கிறது? சொன்னால் இப்போதே விடுகிறேன்" என்றான் ஒற்றைக்கொம்பன்.

"நான் எண்ணவில்லை ஐயா. அந்தக் கரையில் எனக்குத் தெரிந்தது ஒரு பொந்துதான்."

"பொய்!" என்று கத்தியது கீரி.

ஓடையோரத்து மூங்கில் புதரில் அவனைக் கட்டிப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் பொந்து இருந்த மரம் தெரிந்தது. அதுதான் அவனுக்குப் பெரிய வேதனை. உச்சிக் கிளை ஆடுவது தெரிந்தது. பொந்தின் வாயில் பூசிய சேறு காய்ந்து வெளிறியதும் தெரிந்தது. பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் போக முடியவில்லை.

பொந்துக்குள் செம்பி ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையை நிமிர்த்தினாள். மரங்கொத்தி பறந்தது. பருந்து பறந்தது. மலையன் வரவில்லை.

"சிங்கி அக்கா, அவர் சிறகுச் சத்தம் கேட்டதா?" என்று மேல்கிளையில் இருந்த மலை அணிலைக் கேட்டாள்.

"இல்லையம்மா" என்றாள் சிங்கி. துரோகியின் வீட்டுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்று முள்ளம்பன்றி காலையில்தான் எச்சரித்துவிட்டுப் போயிருந்தது. சிங்கிக்குப் பயம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தன் பங்கில் கிடைத்த பழத்தை மென்று, அந்தக் கூழை யாரும் பார்க்காதபோது கீறல் வழியாகத் தள்ளினாள். அது ஒரு வாய்க்குக்கூடக் காணாது. செம்பி அதைக் குஞ்சுக்கே கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மலையனால் பொறுக்க முடியவில்லை. மேற்கே இருந்து உரக்கக் கூவினான். சற்று நேரத்தில் கிழக்கே இருந்து செம்பியின் குரல் வந்தது.

உடனே இரண்டு கரையும் அமளிப்பட்டது. "ஏதோ ரகசியச் சைகை!" என்றது கீரி. "பாறையை உருட்டச் சொல்கிறார்கள்!" என்றது முள்ளம்பன்றி. ஒற்றைக்கொம்பன் ஓடிப்போய்ப் பாறைக்குப் பின்னால் நெற்றியை வைத்தான். எதிர்மலையில் வெள்ளைக்காலன் தன் பாறைக்கடியில் கொம்பைக் கொடுத்தான். காட்டில் ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை.

"என்ன கூவினாய்? சொல்!" என்று மலைமேலிருந்து பிளிறினான் ஒற்றைக்கொம்பன்.

"சாப்பிட்டாயா என்று கேட்டேன் ஐயா."

"அவள் என்ன சொன்னாள்?"

"நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்."

ஒற்றைக்கொம்பன் நெற்றியைப் பாறையிலிருந்து எடுத்தான். அதைப் பார்த்து வெள்ளைக்காலனும் கொம்பை எடுத்தான். ஆனால் மலையனை அவிழ்த்துவிட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

நாலாம் நாளும் மலையன் கூவினான். செம்பியின் பதில் மெல்லியதாக வந்தது. ஐந்தாம் நாள் கூவியபோது, ஒரு கீச்சுக்குரல் மட்டும் பதில் சொன்னது. அது குஞ்சின் குரல்.

ஆறாம் நாள் ஓர் ஏற்பாடு நடந்தது. தங்கையைப் பார்க்க ஓடை தாண்டிய மேற்குக்கரை மந்தி ஒருத்தியைக் கிழக்கே பிடித்து வைத்திருந்தார்கள். ஓடை நடுவிலிருந்த பாறையில் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டார்கள். மந்தி மேற்கே தாவினாள். மலையன் கிழக்கே பறந்தான். அவன் சிறகுச் சத்தம் காடெங்கும் கேட்டது.

மரத்தில் இறங்கி, கீறலுக்கு அருகே அலகைக் கொண்டுபோனான். உள்ளேயிருந்து ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது. செம்பியின் அலகு வரவில்லை.

"முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் பேசினாள்" என்றாள் சிங்கி.

அந்த நேரம் மேற்கு மலையிலிருந்து ஒற்றைக்கொம்பன் பெருமையாக முழங்கினான்: "பார்த்தீர்களா! என் பொறுமையால் ஒரு கல்கூட உருளவில்லை. ஓர் உயிரும் போகவில்லை!"

"என் பொறுமையால்!" என்று கிழக்கிலிருந்து உறுமினான் வெள்ளைக்காலன்.

மலையன் குஞ்சுக்கு இரை தேடப் பறந்தான். இம்முறை காவலுக்கு நின்ற யாரும் அவனை மறிக்கவில்லை. வெகுநாள்வரை, தொண்டை நிறையப் பழத்தோடு திரும்பும்போதெல்லாம், முதல் பழத்தை எடுத்துக் கீறலில் வைத்துக்கொண்டு, பெரிய அலகு ஒன்று வருமா என்று சற்று நேரம் காத்திருப்பான். பிறகுதான் அதைக் குஞ்சுக்கு ஊட்டுவான்.

எவ்வளவு உயர்ந்த கொள்கையானாலும், பசித்தவள் வாய்க்குப் போகும் பழத்தைத் தடுத்து நிறுத்தினால், அது கொள்கையே அல்ல, வெறும் வீம்பு.