முதலமைச்சர் ஆசனமும் முட்டிக்கொண்ட வண்டிகளும்

வெகுகாலத்துக்கு முன்னால், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடு இருந்தது. மலைக்குடிகளுக்கு ஒரு மொழி, கடற்குடிகளுக்கு வேறு மொழி, சாமியும் வேறு. முதலமைச்சர் இறந்ததும் அந்த ஆசனம் தங்களுக்கே என்று இரு குடிகளும் கிளம்பின. ஆற்றுப் பாலத்தில் மலையின் மிளகு வண்டியும் கடலின் உப்பு வண்டியும் எதிரெதிரே முட்டி நின்றன. வழிவிட ஆளில்லை.

ஒரு காலையில் அரசர் வளவராயர் பொங்கலை வாயில் வைத்தார். உப்பும் இல்லை, மிளகும் இல்லை. இலையைத் தள்ளிவிட்டு நேரே சபைக்கு வந்தார்.

அந்த ஆசனத்தின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் துணையமைச்சர் மதங்கநாதர். எதற்கெடுத்தாலும் அரசர் விகடகவி நொச்சியப்பனைக் கேட்பது அவருக்கு வயிற்றெரிச்சல். "அரசே, இரு குடிகள்மீதும் படையை ஏவுங்கள். இல்லையேல் நம் நொச்சியப்பனார் வழி சொல்லட்டும்" என்றார்.

நொச்சியப்பன் இரு குடிக்கும் உறவு. அவன் தாய் மலைக்குடி, தகப்பன் கடற்குடி. படை எந்தப் பக்கம் போனாலும் எரிவது அவன் சொந்தக்காரர் வீடு.

பசியோடிருந்த அரசர் ஆணையிட்டார். "இரு குடித் தலைவர்களும் முதலமைச்சர்கள் ஆக வேண்டும். ஆசனம் ஒன்றுதான்; வெட்டவும் கூடாது, வேறொன்று செய்யவும் கூடாது. ஒருவருக்கு முன்பாக மற்றவர் அதில் அமரக் கூடாது. நாளை உச்சிவேளைக்குள் இது நடக்காவிட்டால் படை புறப்படும். நொச்சியப்பா, நீயும் நாட்டைவிட்டுப் புறப்படு."

"அவ்விருவருக்கும் முன்பாக மூன்றாமவர் எவர் அமர்ந்தாலும் குற்றம் என்றும் சேருங்கள், அரசே. எவனையாவது உட்காரவைத்துத் தப்பிவிடுவார்" என்றார் மதங்கநாதர்.

"சேர்த்தோம்" என்றார் அரசர்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் ஒரு பக்கம் அரிவாள், ஒரு பக்கம் துடுப்பு. நடுவே ஆசனம். மலைத்தலைவி மாதியும் கடல்தலைவர் சுறவப்பனும் அதன் இருபுறமும் விறைத்து நின்றார்கள்.

"சின்னம்மா, உட்காருங்களேன்" என்றான் நொச்சியப்பன்.

"நான் உட்கார்ந்தா அவங்க துடுப்பைத் தூக்குவாங்க."

"சித்தப்பா, நீங்க?"

"வெட்டுப்பட்டுச் சாகவா சொல்ற?"

"அப்போ ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே பாலத்து வழக்கைத் தீருங்க. ரெண்டு வாயும் ஒரே தீர்ப்பைச் சொன்னாத்தான் அது முதலமைச்சர் தீர்ப்புன்னு பறை முழங்கும்."

"உப்பு வண்டி பின்னால போகட்டும்" என்றாள் மாதி.

"மிளகு வண்டி போகட்டும்" என்றார் சுறவப்பன்.

ஒருவர் சொன்னதை மற்றவர் மொழியில் சொல்லிச் சொல்லி நொச்சியப்பனுக்குத் தொண்டை வறண்டது. வெயில் ஏற ஏறக் கல்தரை காய்ந்தது. உச்சிமணி அடிப்பவன் மேடையேறி மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டான். மாதி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினாள். சுறவப்பனும் மாறினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மலையில எங்களுக்கு உப்பு இல்ல, கடற்கரையில உங்களுக்கு மிளகு இல்ல" என்று முழங்காலைப் பிடித்தபடி சொன்னாள் மாதி. "பாலத்துலயே சரக்கை மாத்திக்கட்டும்."

நொச்சியப்பன் பாய்ந்து அதைக் கடல்மொழியில் சொன்னான். சுறவப்பன் தாடியைத் தடவினார். "மாத்திக்கிட்டு ரெண்டு வண்டியும் ஒரே நேரத்துல திரும்பட்டும். அப்போ தோத்தது யாருமில்ல."

"சரிதான்" என்றாள் மாதி.

பறை முழங்கியது. இரு மொழியிலும் ஒரே ஆரவாரம். அரிவாள்களும் துடுப்புகளும் தாழ்ந்தன. அதன்பிறகே உச்சிமணி அடித்தது.

மதங்கநாதர் துள்ளி எழுந்தார். "வேளை முடிந்தது. ஆசனம் காலியாகவே கிடக்கிறது. இனி இது எனக்குரியது" என்று போய் அதில் அமர்ந்தார்.

நொச்சியப்பன் கைகூப்பினான். "அரசே, இருவரும் முதலமைச்சர்களாகித் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு முன்பாக மற்றவர் அமரவில்லை, இருவருமே அமரவில்லை. இருவருக்கும் முன்பாக அமர்ந்த மூன்றாமவர் ஒருவர்தான். அந்தக் குற்றத்தைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே."

ஆசனத்தில் முள் முளைத்ததுபோல் மதங்கநாதர் எழுந்தார். அரசர் கிரீடம் சரியும்வரை சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி நொச்சியப்பன் கழுத்தில் போட்டார். "மதங்கநாதரே, இன்றுமுதல் இவ்விருவருக்கும் நடுவில் நின்று விசிறும்" என்றார்.

அதன்பிறகு அந்த நாட்டில் முதலமைச்சர்கள் நின்றே ஆண்டார்கள். சண்டை ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை. தினமும் வாய்கிழிய வாதாடினார்கள். கால் வலிக்கத் தொடங்கியதும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.