நத்தர்ஷா பாயின் வலது கால்

தையல்காரர் சொல்லும் தேதியை நம்பிக் கெட்டவர்கள் திண்டுக்கல்லில் உண்டு. நத்தர்ஷா பாய் சொல்லும் கதையை நம்பிக் கெட்டவர் ஒருவரும் இல்லை. நம்பினால்தானே கெடுவதற்கு?

பாயின் வலது தொடையெலும்பு ஒடிந்து, தகடு வைத்து, மூன்று மாதம் ஆகிறது. அந்தச் சனிக்கிழமை காலை பிசியோதெரபி அறையில் அவருக்கு ஒரு சோதனை. ஒடிந்த காலை மட்டும் ஊன்றி, எதையும் பிடிக்காமல், முப்பது விநாடி நிற்க வேண்டும். நின்றால் தையல் மிஷினை மிதிக்கலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். நிற்காவிட்டால் மிஷினுக்கு மோட்டார் மாட்டிவிடுவது என்று மகன் பைசல் முடிவு செய்திருந்தான். முடிவு என்ன முடிவு, மோட்டாரையே வாங்கி, அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தோரு வருஷம் மிஷின் மிதித்த பாய்க்கு, அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஒடிந்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ வலித்தது. முந்தைய நாள் அவர் நின்றது ஒன்பது விநாடி.

பிசியோதெரபிஸ்ட் தெரசா முதலில் டேப்பை எடுத்துத் தொடையைச் சுற்றினாள்.

"இறுக்காதேம்மா. ரெண்டு விரல் உள்ள விட்டுப் பிடி. அப்பத்தான் லூஸ் சரியா வரும்."

"பேண்ட் தைக்கலை பாய், தசையை அளக்குறேன். இடது தொடையைவிட வலது மூணு சென்டிமீட்டர் கம்மி. மூணு மாசமா வேலை குடுக்கலைல்ல? கரைஞ்சிருக்கு."

"கரையலைம்மா. உள்ள மடிச்சுத் தச்சிருக்கு. வேணுங்கறப்ப பிரிச்சு விட்டுக்கலாம்."

"ஆரம்பிச்சிட்டாருய்யா," என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த பொன்னுத்தாய் அம்மா. மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி, கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக் காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் சமைத்தவர். வேகாத பருப்பு அவரிடம் தப்பாது.

மொத்தம் மூன்று வாய்ப்பு. முதல் தடவை பாய் வலது காலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு விநாடி. இரண்டாவது தடவை பல்லைக் கடித்தார். தொடை கிடுகிடுவென்று ஆடியது. பதினொன்று.

"காலைப் பார்க்காதீங்க பாய்," என்றாள் தெரசா. "நீங்க நினைச்சு நினைச்சு நின்னா தசை விறைச்சுப் போகுது. நினைப்பை வேற பக்கம் விட்டீங்கன்னா, கணுக்காலும் இடுப்பும் தானே சரி பண்ணிக்கும்."

பைசலுக்குப் போன் வந்தது. பெட்டியை பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போனான். பெட்டி பாயைப் பார்த்தது. அவர் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூலையில் உடற்பயிற்சி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த டிரில் வாத்தியார் சவரிமுத்து வாயைச் சும்மா வைத்திருக்கலாம். "ஓடுறவனுக்குத்தான் கெண்டைக்கால்ல சதை வைக்கும். உக்காந்து மிதிச்சவருக்கு என்ன பாய் வந்திருக்கப் போகுது?" என்றார்.

பாய் நிமிர்ந்தார். "வாத்தியாரே, எண்பத்தாறுல ஒரு நாய் இந்தக் கெண்டைக்கால்ல கடிச்சுது. பல்லு ரெண்டும் உள்ளேயே மாட்டிக்கிச்சு. நாய்க்குத்தான் ஊசி போட்டாங்க."

"பாவம்," என்றார் பொன்னுத்தாய். "அப்புறம் கஞ்சிதான் குடிச்சுதாக்கும்?"

"கேளுங்கம்மா. நோன்புப் பெருநாளைக்கு மூணு நாள் இருக்கு, நானூறு சட்டை பாக்கி. கரண்ட் இல்லை. டைனமோ ஒண்ணை மிஷின்ல மாட்டி மிதிச்சேன். எனக்கு ஒரு பல்பு போதும்னு பார்த்தா, பேகம்பூர் முழுக்க எரியுது! மறுநாள் மின்வாரியத்துக்காரன் வந்து என் முழங்கால்ல மீட்டர் மாட்டப் பார்த்தான்."

மீட்டர் மாட்டப் பார்த்த இடத்தைக் காட்ட ஒரு கை கம்பியை விட்டது. சக்கரம் சுற்றிய வேகத்தைக் காட்ட மறு கையும் விட்டது. எப்படி மிதித்தார் என்று காட்ட இடது கால் தரையை விட்டுக் கிளம்பி, காற்றில் மிதிக்கத் தொடங்கியது. தெரசா உதட்டில் விரல் வைத்து மற்ற இருவரையும் பார்த்தாள், ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்.

பொன்னுத்தாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. "நானூறு சட்டையும் முடிஞ்சுதா பாய்?"

"முடிஞ்சுது. காலை நிறுத்த முடியலையே! மிஷின் தரையில அடிச்ச ஆணியைப் பிடுங்கிக்கிட்டு வாசல் தாண்டிருச்சு. நான் மிதிக்க மிதிக்க மதுரை ரோட்டுல ஓடுது. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் கையைக் காட்டி முந்திப் போறேன்!" பாய் கையைக் காட்டினார். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கணுக்கால் அதைத் தானே இழுத்து நேராக்கியது. "ஊசி சும்மா இருக்குமா? ரோட்டுக்கு ஓரம் அடிச்சுக்கிட்டே போகுது. நாலுவழிச் சாலையில ரெண்டு பக்கமும் வெள்ளைக்கோடு போகுதே, பெயிண்டுன்னா நினைச்சீங்க?"

"சரி, நடுக்கோடு மட்டும் ஏன் விட்டு விட்டுப் போகுது?" வாத்தியார் மடக்கினார்.

"அது ஓட்டுத் தையல். அப்புறமா வந்து மிஷின் போடலாம்னு விட்டேன். அதுக்குள்ள கால் ஒடிஞ்சிருச்சு!"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் பாய் காலைக் குனிந்து பார்த்தார். உடனே தொடை ஆடியது. பாய்ந்து கம்பியைப் பிடித்தார்.

"அம்பத்திரண்டு விநாடி," என்றாள் தெரசா.

பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வயசானவன்கிட்ட இப்படியெல்லாம் பொய் சொல்லக் கூடாதும்மா."

"காலையிலேர்ந்து இந்த ரூமுல சொன்ன ஒரே உண்மை அதுதான்," என்றார் பொன்னுத்தாய்.

பாய் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். தொடையைத் தடவினார். பைசல் திரும்பி வந்தான்.

"எவ்வளவு நின்னீங்கத்தா?"

பாய் யோசித்தார். ஐம்பத்திரண்டு என்றால் இவன் நம்புவானா? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கை உள்ளே மடித்துத் தைத்தார்.

"முப்பத்தொண்ணு."

"அத்தா, சும்மா புளுகாதீங்க."

தெரசா தாளில் எழுதியிருந்த ஐம்பத்திரண்டைத் திருப்பிக் காட்டினாள். பைசல் தாளைப் பார்த்தான், வாத்தியாரைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். கடைசியில் அத்தாவின் காலைப் பார்த்தான். "சரி, மோட்டாரைக் கடையில திருப்பிக் குடுத்துடறேன்," என்றான்.

"எதுக்கு? இருக்கட்டும்," என்றார் பாய் வாக்கரை இழுத்துக்கொண்டு. குரல் பழையபடி ஆகியிருந்தது. "கரண்ட் போச்சுன்னா என் காலை வச்சு அதை ஓட்டிக்கலாம்."

அவர் வாசலைத் தாண்டும்போது பொன்னுத்தாய் அம்மா மணல் மூட்டையை இறக்கிவிட்டுக் கூப்பிட்டார்.

"ரோட்டைக் கடக்கும்போது பார்த்துப் போங்க பாய். வாக்கர் பட்டு ரோட்டுத் தையல் பிரிஞ்சிரப் போகுது."