நான்கு முறை ஆறு கடந்த வேட்டி

வெகு காலத்துக்கு முன்னே, செம்பாற்றின் தென்கரையை அதிசூரராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு எண்ணம், மத்தியானம் வேறொரு எண்ணம். அவருடைய நாட்டில் நூலம்பாடி என்று ஓர் ஊர். வயல் கிடையாது, தோப்பு கிடையாது, நானூறு தறி மட்டும்தான். தறி ஓடினால்தான் அங்கே அடுப்பு எரியும்.

ஒரு திருவிழாவில் தன் ஜனங்கள் வடகரைத் துணி கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்த ராஜாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மந்திரி நம்பிச்சாத்தன் மேல் நெடுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த சுங்க அதிகாரி விடங்கராயர், இதுதான் சமயம் என்று எழுந்தார். ஆற்றைக் கடந்து வரும் சரக்கு எதுவானாலும் மூன்றில் ஒரு பங்கை அரண்மனை எடுத்துக்கொள்ளட்டும், வடகரைத் துணி வருவது நின்றுவிடும், நம் நெசவாளிகள் செழிப்பார்கள் என்றார். மந்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மந்திரியாருக்கு அக்கரையில் சொந்தபந்தம் அதிகம் போலிருக்கிறது" என்றார் விடங்கராயர். சபை சிரித்தது. ராஜா முத்திரை போட்டுவிட்டார்.

அன்றைக்கு நூலம்பாடியில் வீட்டுக்கு வீடு சர்க்கரை கொடுத்துக் கொண்டாடினார்கள். பாவம், அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. எட்டாம் நாள் வடகரை ராஜாவும் தன் துறையில் அதே சுங்கத்தை வைத்தார். இரண்டே மாதத்தில் முந்நூறு தறி நின்றது. நூற்றிருபது குடும்பம் தறியைப் பிரித்துக் கட்டிக்கொண்டு அக்கரைக்கே குடிபோய்விட்டது.

அங்கம்மை என்ற நெசவுக்காரி முறையிட அரண்மனைக்கு வந்தாள். நெய்யச் சோம்பல்பட்டு சுங்கத்தைக் குறை சொல்கிறாள் என்று விடங்கராயர் அவளைப் பேசவே விடவில்லை. வெளியே போனவளை மந்திரி நிறுத்தி விசாரித்தார். அவள் சொன்னதைக் கேட்டு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

நூலம்பாடிச் சிவப்பு என்று நாடெல்லாம் பேர் பெற்ற அந்தச் சிவப்பு, அக்கரை ஊற்றுத் தண்ணீரில்தான் பிடிக்குமாம். நூற்ற நூல் படகேறி அக்கரை போய்ச் சாயம் ஏறித் திரும்பி வரும். நெய்தபின் துணி மறுபடி அக்கரை போய், சாயம் நிற்க அதே ஊற்றில் ஊறித் திரும்பி வரும். பாட்டன் காலத்திலிருந்தே இப்படித்தான். அரண்மனையில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் மந்திரி சபையில் கைகூப்பினார். "மகாராஜா, தங்கள் பிறந்தநாளுக்குப் பத்து முழச் சிவப்பு வேட்டி கட்டுவது வழக்கம். அந்த ஒரு வேட்டிக்காவது சுங்கத்தைத் தள்ளிவிட வேண்டும்."

விடங்கராயர் விடுவாரா? "இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு ஊரே ராஜா வேட்டி என்று சொல்லிக்கொண்டு படகேறும். என் துறையில் யாருக்கும் சலுகை இல்லை, மந்திரியாரே" என்றார். என்ன நேர்மை என்று ராஜா மெச்சினார். மந்திரி தலையைக் குனிந்துகொண்டார். தோற்றுப்போனார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பத்து முழத்துக்கு வேண்டிய நூலை அரண்மனையே எடை போட்டு, அங்கம்மையிடம் கொடுத்தது. அது திரும்பி வரும்போதெல்லாம் விடங்கராயர் துறையில் நின்று மூன்றில் ஒரு பங்கைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டார்.

பிறந்தநாள் வந்தது. சபை நிறைந்திருந்தது. மடித்த வேட்டியை அங்கம்மை வெள்ளித் தட்டில் கொண்டுவர, ராஜா அதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். மேளம் ஓய்ந்தது. அப்புறமும் அவர் வரவில்லை. கடைசியில் பழைய வேட்டியோடு வெளியே வந்தார். கையில் இரண்டு முழத் துண்டு தொங்கியது. 

"எட்டு முழத்தைத் திருடியது யார்?" துண்டைத் தூக்கிக் காட்டினார் ராஜா.

எல்லாரும் அங்கம்மையைப் பார்த்தார்கள். மந்திரி அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"திருட்டு இல்லை மகாராஜா. நான்கு முறை ஆறு கடந்தது, நான்கு முறையும் மூன்றில் ஒன்று போயிற்று. ஏறக்குறைய ஐந்து முழம் வடகரை ராஜாவுக்கு. மூன்று முழம் நம் விடங்கராயர் கிடங்கில், சிக்கு நூலாகவும் கந்தலாகவும். மிச்சம்தான் உங்களுக்கு."

"என் வேட்டியில் என்னைவிட அந்த வடகரையானுக்கு அதிகமா?"

"இந்த ஒரு வேட்டியில் மட்டுமா மகாராஜா?"

ராஜா துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அங்கம்மைக்கு ஒரு பை பொன் கொடுக்கச் சொன்னார். அவள் அதைத் தொடவில்லை.

"பொன் வேண்டாம் சாமி. சுங்கம் இல்லை என்று இப்போதே ஓர் ஓலை எழுதிக் கொடுங்கள். என் வீட்டுக்காரர் தறியைப் பிரித்துக் கட்டிவிட்டார். உச்சிவேளைப் படகில் ஏறிவிடுவார்."

தன் வேட்டியை நெய்தவளே நாட்டை விட்டுப் போகிறாளா? ராஜா ஓலைக்குக் காத்திராமல் தேரில் ஏறினார், அவளையும் ஏற்றிக்கொண்டார். துறையில் ஏழு தறிகள் படகில் கிடந்தன. குழந்தைகள் மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அங்கம்மையின் புருஷன் சொக்கப்பன் தோணிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

சுங்கம் போயிற்று, இறங்குங்கள் என்றார் ராஜா. அவன் சட்டென்று இறங்கவில்லை.

"நூல் போய் வரலாமா சாமி? யாரும் கை வைக்க மாட்டார்களே?"

"என் கையே வராது. இனி நெசவு சங்கதி எதுவானாலும் உங்களைக் கேட்டுவிட்டு மந்திரியார் சொல்வார். வடகரை ராஜாவையும் அவரே பேசி வழிக்குக் கொண்டுவருவார்."

அப்புறம்தான் கயிறு திரும்பக் கட்டப்பட்டது. தறிகள் ஒவ்வொன்றாகக் கரையேறின.

போன நூற்றிருபது குடும்பத்தைக் கூப்பிட்டுவர விடங்கராயரே போக வேண்டும், அந்த இரண்டு முழத்தை மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. வந்தவர்கள் நாற்பது குடும்பம்தான். மற்றவர்கள் அங்கேயே கூரை போட்டுவிட்டார்கள், வரமுடியாது என்றுவிட்டார்கள். ஆனாலும் ஒரு வாசலை விடாமல் ஏறி இறங்கினார் மனுஷர். ஒரு கையால் கதவைத் தட்டினார். மறு கையை இடுப்பிலிருந்து எடுக்க முடியவில்லை.