பதினேழு மணி நேரப் பகல்

வடிவம்மையின் மடத்தில் ஆனி மாதம் முழுக்க விரதம். சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. வடக்கே வெகுதூரத்தில், பனிநாட்டில், மடத்துக்கு ஒரு கிளை இருந்தது. அதன் தலைவர் திருமேனி. அம்மையைவிடப் பத்து வயது மூத்த சீடர். விதி என்றால் விதி என்று நிற்பவர்.

ஆடி பிறந்ததும் அவர் பயணப்பட்டு வந்து அம்மையின் முன்னால் நின்றார். வணங்கவில்லை. கோபமாக இருந்தார்.

"ஐயாறன் செத்துப்போயிட்டார் அம்மா," என்றார். "நம்ம கிளையில விறகு பிளக்கிறவர். நல்ல காய்ச்சல். தண்ணி கேட்டார்."

"குடுத்தியா?"

"எப்படிக் குடுக்கிறது? சாயங்காலம் ஏழு மணி. இங்கேன்னா இருட்டியிருக்கும். அங்கே சூரியன் இன்னும் பனை உயரத்துல நிக்குது. மறைய மூணு மணி நேரம் இருந்துது. அதுக்குள்ள போயிட்டார்."

திருமேனியின் குரல் உயர்ந்தது.

"அங்கே ஆனியில பகல் பதினேழு மணி நேரம். இங்கே பன்னிரண்டரைதான். நீங்க இங்கே உட்கார்ந்து எழுதின விதி, பழி எனக்கா? ஏன் இப்படின்னு எனக்குத் தெரியணும். என் மேல தப்பில்லைன்னு உங்க வாயால சொல்லணும்."

ஒரு மனிதர் நாக்கு வறண்டு செத்திருக்கிறார். இவருக்கு நற்சான்றிதழ் தேவைப்படுகிறது.

"எழுதினது என் தப்பு," என்றார் அம்மை. "ஏன்னு கேட்டியே, பாரு."

எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து ஈர்க்குச்சியில் குத்தினார். குத்திய வேகத்தில் சாறு தெறித்தது. நடுவுக்குச் சற்று மேலே நகத்தால் ஒரு கீறல், நுனிக்குப் பக்கத்தில் இன்னொன்று.

"கீழே நம்ம ஊர். மேலே உன் ஊர்."

எரிகிற விளக்கின் பக்கம் நுனி சாயும்படி பிடித்து ஈர்க்கைச் சுழற்றினார். கீழ்க்கீறல் பாதிச் சுற்று வெளிச்சத்திலும் பாதிச் சுற்று இருட்டிலும் போய்வந்தது. மேல்கீறல் வெளிச்சத்திலேயே வெகுநேரம் கிடந்தது. இருட்டுக்குள் சும்மா தலைகாட்டிவிட்டுத் திரும்பியது.

"பூமி சாஞ்சு சுத்துது. அவ்வளவுதான்."

திருமேனியின் முகம் தெளிந்தது. "அப்போ அந்தச் சாய்வுதான் காரணம். நான் இல்லை."

அந்தத் தெளிவைப் பார்த்ததும் அம்மைக்குக் கோபம் தலைக்கேறியது. சாய்வை மாற்றாமல் பழத்தை விளக்குக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். இப்போது நுனி சுடரைவிட்டு விலகிச் சாய்ந்திருந்தது.

"இது மார்கழி. சுத்து."

திருமேனி சுற்றினார். "மேல்கீறல் இருட்டுலயே கெடக்கு. ஆமாம்மா, மார்கழியில அங்கே ராத்திரிதான் பதினேழு மணி நேரம்."

"மார்கழியில ஒரு நாள், சூரியன் மறைஞ்சதுலேர்ந்து உதிக்கிறவரைக்கும் அந்தந்தக் கிளையோட தலைவர் நின்னுக்கிட்டே ஜபம் பண்ணணும். அதுவும் நான் எழுதின விதிதான். போன மார்கழியில நீ எத்தனை மணி நேரம் நின்னே?"

ஈர்க்கு நின்றது.

"சொல்லு."

"பன்னிரண்டரை," என்றார் திருமேனி. "முழங்கால் வலி அம்மா. இங்கே அவ்வளவுதானேன்னு..."

"நீ உட்கார்ந்தப்போ சூரியன் வந்திருந்துதா?"

"இல்லை. உதிக்க இன்னும் நாலரை மணி நேரம் இருந்துது," என்றார் திருமேனி.