எனது அரசு

மாசிலாமணி ஒரு மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். பதவி முடிந்து, மனைவியும் காலமான பிறகு, ஆற்றங்கரையில் இருந்த சிவகாமி அம்மாவின் ஆசிரமத்தில் வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் குரு குருதான்.

வந்த புதிதில், மூடிய கதவைக் கண்டால் அப்படியே நின்றுவிடுவார். யாராவது திறந்துவிடுவார்கள் என்று பல வருஷப் பழக்கம்.

"கதவுக்கு நீங்க யாருன்னு தெரியாதுய்யா. தள்ளுங்க" என்பார் அம்மா.

அன்று காலை அம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாசிலாமணி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மக வர்றாம்மா. இப்ப வந்துடுவா."

"நல்லதாப் போச்சு."

"அவ எங்கிட்டப் பேசி எட்டு வருஷமாச்சு. என்ன பேசறதுன்னே தெரியலை. நீங்க நாலு வரி எழுதிக் கொடுத்தா வாசிச்சிடுவேன்."

அம்மா சிரித்துவிட்டார். "வாசிக்கவா?"

"அது எனக்கு நல்லா வரும். சட்டசபையில நின்னுக்கிட்டே அவ்வளவு பெரிய உரையை வாசிப்பேன். மந்திரிங்க எழுதிக் கொடுக்கிறதுதான். ஒரு சொல் பிசகாது."

"எங்கே, கொஞ்சம் சொல்லுங்க."

அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. "எனது அரசு கடலோர மக்களின் நலனைக் காத்து வருகிறது. எனது அரசு புதிய துறைமுகம்..."

குரல் அங்கேயே நின்றுபோனது.

அந்தத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப் புறப்பட்ட அன்று, அதை எதிர்த்து மாளிகை வாசலில் மீனவப் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் நடுவே அவர் மகள் தமயந்தி வெயிலில் நின்றாள். கொடி கட்டிய கார் அவளைக் கடந்து போனது. கண்ணாடி வழியாக அவர் அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

அவர் சொன்னதையெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டார். "நிறுத்தியிருக்கலாமே?"

"நடுவழியில நிறுத்தக் கூடாதும்மா. அது அரசாங்கக் கார். நான் சொன்னா நிக்காது."

"அரசு உங்களோடது. கார் மட்டும் அரசாங்கத்தோடதா?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. "பெத்த மகதானே? போன் பண்ணியிருக்கலாம். உரிமையோட உள்ள வந்திருக்கலாம். கூட்டத்தோட வந்து வாசல்ல நின்னா நான் என்ன செய்யட்டும்?"

அம்மா ஒரு பூச்சி இலையைக் கிள்ளி எறிந்தார்.

அவர் குரல் இறங்கியது. "நான் திறந்து வெச்ச காலேஜ் இருக்கு. பேர் பொறிச்ச கல்லுங்க இருக்கு. அதையெல்லாம் சொல்லட்டுமா? இல்ல, மன்னிச்சிடுன்னு ஆரம்பிக்கவா? இன்னிக்குத் தப்பாப் பேசிட்டா அவ இனிமே வரவே மாட்டா. முதல் வரி மட்டுமாவது சொல்லுங்கம்மா."

வெளியே ஆட்டோ வந்து நின்றது. மாசிலாமணி எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கேட்டார்: "கூட்டம் எதுக்கு வந்துச்சுன்னு பேப்பர்ல போட்டிருப்பான். உங்க மக உங்ககிட்ட என்ன சொல்ல வந்தா?"

மாசிலாமணி யோசித்தார். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"தெரியலைம்மா. நான் கேக்கவே இல்ல."

அம்மா கீரைத் தட்டை ஓரமாக நகர்த்தி, பாயில் இன்னொருவர் உட்கார இடம் விட்டார்.

"அப்ப முதல் வரி அவளோடதுய்யா."