பரிமாறாத இலை

மரகதம்மாளின் மடம் ஆற்றோரம் இருந்தது. அவருக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஆள் பொன்னுரங்கம், ஊர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். ஞானத்தில் சீனியாரிட்டி செல்லாது.

அன்று காலையிலேயே வந்துவிட்டார். பத்தாம் வகுப்பு இசக்கிராஜ், பக்கத்து பெஞ்சுக்காரனைக் கட்டையால் அடித்துவிட்டான். அடிபட்டவன் மண்டையில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அடித்தவனுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிடச் சொல்கிறது நிர்வாகம். கையெழுத்துப் போட வேண்டியது பொன்னுரங்கம்தான்.

"அமைதியான பையன்மா. மூணு வருஷமா கடைசி பெஞ்சு. தேறமாட்டான்னு டீச்சருங்க அவன்கிட்ட எதுவும் கேக்கிறதில்ல. அவனும் யாரையும் தொந்தரவு பண்ணினதில்ல. அவனுக்குள்ள இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்துச்சு?"

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம் வாத்தியாரே," என்ற மரகதம்மாள், உள்ளே போய்ப் பரிமாறுகிற சடையப்பனிடம் ஏதோ சொன்னார்.

மதியம் பந்தி விரித்தார்கள். பொன்னுரங்கத்துக்கு வரிசையின் ஓரத்தில் இலை. தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்துக்கொண்டார். சடையப்பன் சோற்று வாளியோடு பக்கத்து இலைவரை வந்து திரும்பிவிட்டார். சாம்பாரும் அப்படியே திரும்பிப் போனது.

பந்தியில் வாய்விட்டுக் கேட்பது மரியாதையில்லை. மற்றவர்கள் முடிக்கும் முன் எழுந்து போவதும் மரியாதையில்லை. மறந்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தார். தொண்டையைச் செருமிப் பார்த்தார். ஒருவரும் திரும்பவில்லை. ரசம் வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருந்தும் தான் மட்டும் அங்கே இல்லாததுபோல் இருந்தது. பசியைவிட அதுதான் வலித்தது.

பாயசமும் பக்கத்து இலையோடு நின்றபோது, தம்ளரை எடுத்து வீசினார். அது சடையப்பனின் காதைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதி விழுந்தது. பந்தி முழுக்க அவரைப் பார்த்தது. அவர் தன் கையைப் பார்த்தார்.

மரகதம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் குரல் எப்படி இருக்கும் வாத்தியாரே?"

யோசித்தார். தெரியவில்லை.

"அடிபட்டவனுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" என்றார்.

"சடையப்பன்கிட்ட இப்ப என்ன சொல்லப் போறீங்களோ, அதை அந்தப் பையனையும் சொல்ல வைங்க."

பொன்னுரங்கம் எழுந்து சடையப்பனைக் கும்பிட்டார். "மன்னிச்சிடுங்க," என்றார். சடையப்பன் பரவாயில்லை என்று கையை அசைத்தார்.

"டிசியில நாளைக்குக் கையெழுத்துப் போடணும்மா," என்றார் பொன்னுரங்கம்.

மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டிருந்தார்கள். சடையப்பன் ஒவ்வோர் இலையாக எடுத்துக்கொண்டு வந்து, அந்த வெற்று இலையை மடிக்கக் குனிந்தார்.

"அந்த இலையை எடுக்காதீங்க," என்றார் மரகதம்மாள். "சோறு கொண்டாங்க."