லாந்தருக்குப் பதினேழு பூச்சு

சனிக்கிழமை காலை பத்து மணி. லாந்தருக்குப் பதினேழாவது முறையாக மஞ்சள் பூசிவிட்டு வகுப்புக்கு வந்திருந்தார் சிங்காரவேலு.

கையில் மூன்று அங்குலப் பொம்மை. ரயில்வே கேட் கீப்பர் ஒருவர் இடுப்பருகே லாந்தரைப் பிடித்தபடி நிற்கிறார். அது சிங்காரவேலுவின் அப்பா.

பொம்மைக் கண்காட்சிக் குழு அதை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. இரண்டு சீட்டிலும் ஒரே வரி: விளக்கு எரியவில்லை. மூன்று முறைக்கு மேல் வாங்கமாட்டார்கள்.

“இன்னும் என்னத்தைப் பூசறது டீச்சர்? வெள்ளை வரைக்கும் போயாச்சு.”

அவருக்கு வயது அறுபத்தொன்று. டீச்சர் பெனிட்டாவுக்கு இருபத்தொன்பது. பொன்மலையில் ஒரு மாடி அறையில், சின்னப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

பெனிட்டா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விளக்கு நல்லாத்தான் சார் இருக்கு. பாவம், அதை விட்ருங்க.”

தட்டில் கருநீலத்தைப் பிழிந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“இது எங்க?”

“முதுகு, தோள், தொப்பி. அப்புறம் கண்ணு.”

“கண்ணா? அந்தக் கண்ணுக்கு மட்டும் மூணு மாசம் ஆச்சும்மா! அப்பாவோட ஒரே போட்டோ. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துப் பார்த்துப் போட்டது.”

“போட்டோ எங்க எடுத்தது?”

“ஸ்டுடியோவுல.”

“அங்கயும் லாந்தரோடதான் நின்னாரா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். சிங்காரவேலு அவரை முறைத்தார்.

“கேட்டுல அவரைப் பார்த்திருக்கீங்களா சார்?”

“தினமும். ராத்திரிச் சோறு நான்தான் கொண்டுபோவேன்.”

“அப்ப கண்ணு தெரியுமா?”

அவர் யோசித்தார்.

“முழங்கால் தெரியும். காக்கிச் சட்டையில பொத்தான் தெரியும். தாடை கொஞ்சம். அதுக்கு மேல இருட்டு.”

“அப்புறம் அப்பாதான்னு எப்படித் தெரியும்?”

“இருமுவார்.”

பெனிட்டா மெல்லிய தூரிகை ஒன்றைக் கழுவித் துடைத்து நீட்டினார்.

சிங்காரவேலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

முதல் இழுப்பிலேயே இடது கண் போயிற்று. வெகுநேரம் கழித்து, வலது கண்.

2022 செப்டம்பர் 18 அன்று கண்காட்சி திறப்பதற்குச் சற்று முன், அரங்கின் எலெக்ட்ரீஷியன் அந்தப் பொம்மையைக் கவிழ்த்து, அடியில் பேட்டரி மூடியைத் தேடினார்.